தண்ணீர்த் தொட்டி சண்டைக்குப் போன கதை: ‘டேங்க்’ என்ற பெயரின் நிகழ்வு ஆய்வு

ஆவடி வழியாகப் போகும் பேருந்தில் நடத்துநர் “டேங்க் பாக்டரி, டேங்க் பாக்டரி” என்று குரல் கொடுப்பார். கனரக வாகனத் தொழிற்சாலை என்று சொல்லி ஒருவரும் சீட்டு வாங்கி நான் கேட்டதில்லை. ஒருநாள் முன் இருக்கையில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டி அவரைப் பார்த்து, “ஏம்பா, அது இன்னா டேங்க், தண்ணி டேங்கா?” என்று கேட்டார். “இல்ல ஆயா, சண்டை டேங்க்.” “சண்டைக்குப் போறதுக்கு ஏன் தண்ணி டேங்க் பேரு வச்சாங்க?” நடத்துநர் சிரித்துக்கொண்டே விசில் அடித்துவிட்டார். பேருந்து கிளம்பிவிட்டது.

பாட்டி கேட்டது சரியான கேள்வி. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் விமானத்துக்கும் அவற்றின் வேலையையோ வடிவத்தையோ சொல்லும் பெயர் இருக்கிறது. முப்பது டன் இரும்பு சங்கிலிப் பட்டை மாட்டிக்கொண்டு வேலியை மிதித்துப் போகிறதே, அதன் பெயரில் மட்டும் சண்டைக்கான அடையாளமே இல்லை. மாடியில் தண்ணீர் ஏற்றி வைக்கிற தொட்டியின் பெயர்தான் இருக்கிறது. இந்த ஒரு பெயரை எடுத்து, யார் வைத்தார்கள், எப்போது, எதனால் நிலைத்தது என்று ஒரு வழக்கைப் போல விசாரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

இந்த வழக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. படைத் தளவாடங்களின் பட்டப்பெயர்கள் பெரும்பாலும் வாயில் பிறக்கின்றன, காகிதத்தில் அல்ல. சிப்பாய் ஒருவன் சொல்கிறான், பக்கத்தில் இருப்பவன் திருப்பிச் சொல்கிறான், ஆறு மாதத்தில் படை முழுக்க அதுதான் பெயர். முதலில் சொன்னவன் யார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பத்து வருடம் கழித்துக் கேட்டால் பத்துக் கதை வரும். ‘டேங்க்’ அப்படியல்ல. அதை உருவாக்கியதில் நேரடியாகக் கைவைத்தவர்கள் நான்கு பேர், தங்கள் பெயரிலேயே, நான்கு விதமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான்கையும் தேதியோடு ஒட்டிப் பார்க்க முடியும்.

பொருள் பிறந்த இடம்

1914-ஆம் ஆண்டின் கடைசியில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப்போர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. இரு பக்கமும் பதுங்குகுழி, நடுவில் முள்கம்பி, எதிரே இயந்திரத் துப்பாக்கி. எழுந்து ஓடியவன் விழுந்தான். இதைத் தாண்டக் குண்டு துளைக்காத, பள்ளத்தில் விழாத ஒரு வண்டி வேண்டும் என்ற யோசனை பலருக்கும் வந்தது. அதைக் காசு போட்டு முன்னே தள்ளியது தரைப்படை அல்ல, பிரிட்டிஷ் கடற்படை. அப்போது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1915 பிப்ரவரியில் ‘நிலக்கப்பல் குழு’ ஒன்றை அமைத்தார். குழுவின் தலைவர் கடற்படைக் கப்பல் கட்டுமானத்தின் இயக்குநர் யூஸ்டஸ் டென்னிசன் டெய்ன்கோர்ட். செயலாளர் ஆல்பர்ட் ஸ்டெர்ன், தொழிலால் வங்கிக்காரர்.

ஆகவே முதல் பெயர் கப்பல்காரர்கள் வைத்த பெயர்: நிலக்கப்பல். அந்தக் கடல் வாடை இன்னும் போகவில்லை. டேங்கின் உடற்கூட்டைக் குறிக்கவும், ஏறி இறங்கும் மூடியைக் குறிக்கவும், மேல்தளத்தைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் இன்றும் கப்பலுக்கு உரிய சொற்கள்தான் புழங்குகின்றன.

வண்டியைக் கட்டும் வேலை இங்கிலாந்தின் லிங்கன் நகரில் இருந்த வில்லியம் ஃபாஸ்டர் நிறுவனத்துக்குப் போனது. கதிரடிக்கும் இயந்திரமும் டிராக்டரும் செய்துகொண்டிருந்த விவசாயக் கருவிப் பட்டறை அது. நிர்வாகி வில்லியம் ட்ரிட்டனும், கடற்படையிலிருந்து வந்த பொறியாளர் வால்டர் வில்சனும் அந்த ஊரின் ஒயிட் ஹார்ட் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து வரைந்தார்கள். 1915 செப்டம்பரில் முதல் வண்டி ஓடிப் பார்த்தது. சங்கிலிப் பட்டை கழன்று கழன்று விழுந்தது. வேறு பொருளில் செய்த பட்டையும் சோதனையில் அறுந்தது. ட்ரிட்டன் அழுத்தித் தட்டிய இரும்புத் தகட்டில் புதுப் பட்டை ஒன்றைச் செய்தார். அது தேறிய செய்தி 22 செப்டம்பர் 1915 அன்று லண்டனுக்குத் தந்தியாகப் போனது. பிள்ளை பிறந்த சேதி போல எழுதப்பட்ட தந்தி அது: பழையது இறந்துவிட்டது, ட்ரிட்டனுக்குத் தகட்டில் புது வரவு, எடை குறைவு ஆனால் நல்ல பலம், அனைவரும் நலம், இப்படிக்குப் பெருமை மிகுந்த பெற்றோர். ரகசியம் காக்கவும் வேண்டும், சந்தோஷத்தை அடக்கவும் முடியவில்லை. அந்த ஒரு தந்தியில் இரண்டும் தெரிகிறது.

அந்தக் குடும்பப் பேச்சு அதோடு நிற்கவில்லை. அடுத்து வந்த பெரிய வண்டிக்கு ‘மதர்’, அதாவது அம்மா என்று பெயர். பின்னால் வந்த அத்தனை டேங்குகளும் அதன் வயிற்றில் பிறந்தவை என்பதால் பொருத்தமான பெயர்தான். அதற்கு முந்திய சிறிய வண்டிக்கு ‘லிட்டில் வில்லி’ என்ற பெயர் ஒட்டியது. ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் வில்ஹெல்மைப் பிரிட்டிஷ் பத்திரிகைகள் கேலி செய்த பெயர் அது. மகனுக்கு லிட்டில் வில்லி என்றால் அப்பா கைசர் வில்ஹெல்முக்கு ‘பிக் வில்லி’. ஆகவே ‘மதர்’ வண்டிக்கு ‘பிக் வில்லி’ என்றும் இன்னொரு பெயர் வந்தது. ‘பூரான்’ என்று பொருள்படும் ‘சென்டிபீட்’ என்றும் அழைத்தார்கள். ஒரே வண்டிக்கு ஒரு வருடத்துக்குள் நாலு பெயர். எதுவும் நிலைக்கவில்லை. யாருமே வண்டிக்கென்று யோசிக்காத ஐந்தாவது பெயர்தான் நிலைத்தது.

நான்கு வாக்குமூலங்கள்

முதல் வாக்குமூலம் பட்டறையிலிருந்து. வண்டியை என்னவென்று பணி ஆணையில் எழுதுவது? நிலக்கப்பல் என்று எழுதினால் ரகசியம் மதியச் சாப்பாட்டு மணிக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே உடற்கூட்டை ‘மெசப்பொட்டேமியாவுக்கான தண்ணீர் வண்டி’, அதாவது இன்றைய இராக் பக்கம் போகிற வண்டி என்று எழுதினார்கள். அடியில் ஓடும் சட்டகத்துக்கு வேறு பெயர், வேறு ஆணை. இரண்டும் ஒன்றாகச் சேரப்போகின்றன என்பதே தொழிலாளர்களுக்குத் தெரியாது. தண்ணீர் வண்டி என்று சொல்லச் சொல்ல, இயல்பாகவே பட்டறையில் அது டேங்க் ஆகிவிட்டது, மேஸ்திரிகளும் மேலாளர்களும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள், பிறகு ராணுவத்துக்கும் அதுவே பெயரானது என்பது ட்ரிட்டன் சொல்லும் வரலாறு.

இரண்டாவது வாக்குமூலம் அலுவலகத்திலிருந்து. எர்னஸ்ட் ஸ்விண்டன் தரைப்படைப் பொறியாளர் அதிகாரி, இந்த யோசனைக்காக ஆரம்பத்திலிருந்தே எழுதியும் பேசியும் அலைந்தவர். 24 டிசம்பர் 1915 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், ஏகாதிபத்தியப் பாதுகாப்புக் குழுவின் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்ததும் அறிக்கை எழுத வேண்டும். நிலக்கப்பல் என்ற சொல் காகிதத்தில் வரக்கூடாது என்று முடிவு. ஸ்விண்டனும் அந்தக் குழுவின் துணைச் செயலாளர் டாலி ஜோன்ஸும் உட்கார்ந்து மாற்றுச் சொல் தேடினார்கள். கொள்கலன், நீர்த்தேக்கம், தொட்டி என்று பொருள்படும் பல ஆங்கிலச் சொற்களைச் சொல்லிப் பார்த்துக் கழித்தார்கள். கடைசியில் ‘டேங்க்’. ஒரே அசை. வாயில் சட்டென்று ஒட்டும், மனத்தில் நிற்கும். அன்றிரவு எழுதிய வரைவில்தான் அந்தச் சொல் புதுப் பொருளில் முதன்முதலாக ஏறியது என்கிறார் ஸ்விண்டன்.

மூன்றாவது, ஸ்டெர்ன். குழுவுக்குத் ‘தண்ணீர் வண்டிக் குழு’ என்று மறைப்பெயர் வைக்கலாம் என்று பேச்சு வந்ததாம். அரசு அலுவலகத்தில் எல்லாவற்றையும் முதலெழுத்தால்தான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் தண்ணீர் வண்டியின் முதலெழுத்துகள் டபிள்யூ.சி. அது கழிப்பறையின் சுருக்கம். அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் உட்கார ஸ்டெர்னுக்கு மனம் வரவில்லை. அதே பொருள் தரும் வேறு சொல்லாக டேங்கைப் பிடித்து, ‘டேங்க் வழங்கல் குழு’ என்று மாற்றியதாக எழுதுகிறார். 1916 பிப்ரவரியில் அந்தப் பெயரில் குழு அமைந்தது ஆவணப்படி உறுதி.

நான்காவது, டெய்ன்கோர்ட். பிரான்சுக்கு வண்டிகளை அனுப்பும்போது பெரிய பொதிகளின் மேல் ‘ரஷ்யாவுக்கான தண்ணீர் வண்டிகள்’ என்று எழுத நினைத்தார்களாம். இங்கும் அதே டபிள்யூ.சி. சங்கடம். அதனால் ‘ரஷ்யாவுக்கான டேங்குகள்’ என்று மாற்றினார்களாம்.

எடைபோடும்போது

நான்காவதை முதலில் விலக்கலாம். வண்டிகள் கப்பலேறியது 1916 ஆகஸ்டில். அதற்கு ஆறு மாதம் முன்பே ‘டேங்க் வழங்கல் குழு’ இயங்கிக்கொண்டிருந்தது. பொதிமேல் எழுதிய கதை நடந்திருக்கலாம். ஆனால் பெயர் அங்கே பிறந்திருக்க முடியாது. மூன்றாவதும் தேதியில் பின்தங்குகிறது. ஸ்விண்டன் சொல்லும் டிசம்பர் இரவு, ஸ்டெர்னின் பிப்ரவரிக்கு முந்தியது.

மிச்சம் இரண்டு: லிங்கன் பட்டறையும் லண்டன் மேசையும். வரலாற்று நூல்களில் ஸ்விண்டனுக்குத்தான் பெரும்பாலும் பெருமை போகிறது, ஏனென்றால் அவர் தேதி சொல்கிறார், பக்கத்தில் இருந்தவர் பெயரையும் சொல்கிறார். ஆனால் அவர் அறையில் உட்கார்ந்து கழித்த சொற்களைக் கவனியுங்கள். கொள்கலன், தேக்கம், தொட்டி. எல்லாமே நீர் சேமிக்கும் பாத்திரங்கள். கப்பலைப் போல வந்த வண்டிக்கு மாற்றுப்பெயர் தேடுகிறவர்கள் ஏன் நேராகத் தண்ணீர்ப் பாத்திரங்களுக்குள் போய்த் தேட வேண்டும்? டிராக்டர், பாய்லர், வேகன் என்று எத்தனையோ பொய்ப் பெயர்கள் கிடைத்திருக்குமே. தேடலின் எல்லையை யாரோ முன்னமே போட்டுவிட்டார்கள். அதைப் போட்டது லிங்கன் பட்டறையின் ‘தண்ணீர் வண்டி’ என்ற ஆணைதான் என்று நான் நம்புகிறேன்.

பொருளையும் பார்க்க வேண்டும். லிட்டில் வில்லி இன்றும் இங்கிலாந்தின் பாவிங்டன் டேங்க் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உள்ளே இயந்திரம் இல்லை, வெறும் கூடு. சோதனை வண்டி என்பதால் அதற்குக் கவச எஃகு போடவில்லை. கொதிகலன் செய்யும் தகட்டையே வெட்டி, வரிசை வரிசையாக ரிவிட் அடித்துப் பெட்டியாக்கியிருக்கிறார்கள். பீரங்கி மாட்டும் முன், சங்கிலி பூட்டும் முன், பட்டறைத் தரையில் கிடந்த அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தவனுக்கு அது தண்ணீர்த் தொட்டி என்று சொன்னால் சந்தேகமே வந்திருக்காது. பொய்யும் பொருளும் அந்த அளவுக்குப் பொருந்தின.

ஆகவே என் முடிவு இது. சொல்லை உலவவிட்டது சுத்தியல் பிடித்த கைகள். அதைப் பிடித்துக் கோப்பில் ஏற்றி, ஒரு குழுவின் பெயராக்கி, அதிகாரம் கொடுத்தது ஸ்விண்டனும் ஸ்டெர்னும். கண்டுபிடிப்புக்கான பரிசுக் கோரிக்கைகளை விசாரித்த அரச ஆணையம் 1919-இல் வண்டியைப் படைத்த முதன்மைப் பெருமையை ட்ரிட்டனுக்கும் வில்சனுக்கும் கொடுத்தது. பெயருக்கென்று அப்படி ஓர் ஆணையம் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் ஃபாஸ்டர் பட்டறையின் பெயர் தெரியாத மேஸ்திரிகளுக்கும் ஒரு பங்கு போயிருக்க வேண்டும்.

முதலெழுத்து மயக்கம்

மூன்றாவது, நான்காவது கதைகளில் முதலெழுத்துச் சங்கடம் வருவதைச் சொன்னேன். இது தனியாக நின்று பார்க்க வேண்டிய விஷயம், ஏனென்றால் ராணுவப் பெயர்களைப் பற்றிய கட்டுக்கதைகளில் பாதி இங்கேதான் விளைகின்றன.

ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பொதுப் பயன்பாடு’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் ஜி.பி., அதை வேகமாகச் சொன்னால் ஜீப் என்று பள்ளிப் பொது அறிவுப் புத்தகம் வரை வந்துவிட்டது. ஃபோர்டு நிறுவனம் 1940 கடைசியில் கொடுத்த வண்டிக்கு ஜி.பி. என்ற குறியீடு இருந்தது உண்மை. ஆனால் அந்த நிறுவனத்தின் கணக்கில் ஜி என்றால் அரசு ஒப்பந்தம், பி என்றால் 80 அங்குலச் சக்கர இடைவெளி உள்ள வண்டி. பொதுப் பயன்பாடு என்பது அதில் இல்லை. அதற்கு முன்பே, 1936 மார்ச்சில், பாப்பாய் சித்திரத் தொடரில் யூஜின் தி ஜீப் என்ற விநோதப் பிராணி வந்துவிட்டது. நாலு காலில் எங்கும் நுழைந்து எதையும் செய்துவிடும் பிராணி. அமெரிக்கப் படையினர் புதிதாகச் சேர்ந்தவனையும், சோதித்துப் பார்க்காத வண்டியையும் ஜீப் என்று அழைத்த பழக்கமும் இருந்தது. 1941 பிப்ரவரியில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடப் படிகளில் வில்லிஸ் நிறுவனத்தின் வண்டியை ஏற்றிக் காட்டினார்கள். பத்திரிகையில் ஜீப் என்ற பெயரோடு படம் வந்தது. அதற்கப்புறம் வேறு பெயர் எடுபடவில்லை. ஜி.பி. என்ற குறியீடு கொஞ்சம் துணை நின்றிருக்கலாம். தாய் அதுவல்ல.

நம் ஊரிலும் இதே மயக்கம் உண்டு. ஆவடி என்ற பெயரே கவச வாகனக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து வந்தது என்று சொல்கிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன், அங்கேயே வேலை செய்தவர்கள் உட்பட. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை வந்தது 1960-களில். முதல் விஜயந்தா டேங்க் அங்கிருந்து வெளிவந்தது 1965-இல். அதற்குப் பத்து வருடம் முன்பே, 1955 ஜனவரியில், காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது, நாடு முழுக்க அது ஆவடித் தீர்மானம் என்றே பேசப்பட்டது. டேங்க் வருவதற்கு முன்பே ஊர்ப் பெயர் இருந்தது.

முதலெழுத்துக் கதையைச் சோதிக்க எளிய வழி இதுதான்: பொருள் வந்த தேதியையும் சொல் புழங்கிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொல் முந்தியிருந்தால் கதை விழுந்துவிடும். டேங்க் விஷயத்தில் ஸ்டெர்னின் முதலெழுத்துக் கதை அந்த அளவுக்கு மோசமில்லை. சம்பவம் நடந்து நாலு வருடத்துக்குள், குழுவில் இருந்தவரே எழுதியது. பிறப்பை அது விளக்கவில்லை என்றாலும், தண்ணீர் வண்டி என்ற நீளமான மறைப்பெயர் ஏன் கைவிடப்பட்டது என்பதை நன்றாகவே விளக்குகிறது.

பொய் ஏன் நிலைத்தது

மறைப்பெயரின் வேலை மறைப்பது. வேலை முடிந்ததும் அது விழுந்துவிட வேண்டும். டேங்க் விழவில்லை.

முதல் காரணம், அது சலிப்பான பெயர். யாரும் மறு கேள்வி கேட்கத் தோன்றாத பெயர். பாலைவனத்தில் படை நடத்துகிற அரசு தண்ணீர்த் தொட்டி செய்தால் அதில் என்ன அதிசயம்? வெளியே போன வண்டிகளின் பக்கவாட்டில் ரஷ்ய எழுத்தில் ‘கவனம், பெட்ரோகிராட்’ என்றும் எழுதினார்கள். பார்த்தவன் ரஷ்யாவுக்குப் போகிற சரக்கு என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். வீரமான பெயர் வைத்திருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும்.

இரண்டாவது, ஓட்டியவர்கள் பழகிவிட்டார்கள். 1916-இல் ரகசிய முகாமில் பயிற்சி எடுத்தவர்களின் பிரிவுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் இயந்திரத் துப்பாக்கிப் படையின் ‘கனரகப் பிரிவு’. அதுவும் ஒரு மறைப்புதான். எட்டுப் பேர் ஏறும் வண்டி அது. நடுவில் மறைப்பில்லாத இயந்திரம், அனலும் புகையும். சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் இயந்திர மூடியில் ஸ்பேனரால் தட்டிச் சைகை கொடுப்பார்கள். வண்டியைத் திருப்பவே நாலு பேர் சேர வேண்டும். அந்தக் கூட்டுக்குள் நாள் முழுக்கக் கிடந்தவர்களுக்கு நீளமான பெயர் எதற்கு?

மூன்றாவது, பெயர் களத்தில் போட்டியிட்டு ஜெயித்தது. 15 செப்டம்பர் 1916 அன்று சோம் போர்முனையில் பிளேர்ஸ், கூர்செலெட் ஊர்களை நோக்கி முதன்முதலாக இறங்கினார்கள். ஒதுக்கிய 49 வண்டிகளில் 32 மட்டுமே புறப்படும் கோட்டை எட்டின. தளபதி ஹெய்க் அன்று வெளியிட்ட அறிக்கை அவற்றைப் ‘புதுவகைக் கனரகக் கவச கார்’ என்றது. அரசு புகைப்படம் கொடுக்கவில்லை, ஆகவே பத்திரிகைகள் கற்பனையில் இறங்கின. பூதம், ராட்சத விலங்கு, கதைப் புத்தக ஜந்து என்று கண்டபடி பெயர்கள். அத்தனையும் ஒரு மாதம் தாங்கவில்லை. முன்னணியிலிருந்து திரும்பி வந்தவன் டேங்க் என்றான், ஊரும் டேங்க் என்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் அரசே ‘டேங்க் படை’ என்று பெயர் மாற்றியது. மறைப்பெயர் அரச ஆணையில் ஏறிவிட்டது. 1917 நவம்பரில் டிராஃபால்கர் சதுக்கத்தில் ஒரு டேங்கை நிறுத்திப் போர்ப் பத்திரம் விற்றார்கள். பிறகு எக்பர்ட், ஜூலியன், நெல்சன் என்று பெயர் கொண்ட டேங்குகள் ஊர் ஊராகப் போயின.

எக்பர்ட் என்று தனி வண்டிக்குத் தனிப் பெயர் வந்த வழக்கமும் தொடக்கத்திலேயே உண்டு. எந்தப் படைப்பிரிவோ அந்த எழுத்தில் வண்டியின் பெயர் தொடங்க வேண்டும். சி பிரிவின் ஒரு குழுவினர் தங்களுக்குப் பிடித்த மதுவகைகளின் பெயர்களை வைத்தார்கள்: ஷாம்பேன், கொன்யாக், கிரெம் த மாந்த். டி பிரிவில் டின்னகென், டேர்டெவில். டி51 எண் கொண்ட டெபோரா 1917 நவம்பரில் கம்ப்ரே போரில் அடிபட்டு, பிரான்சின் பிளெஸ்கியேர் கிராமத்து மண்ணுக்குள் போய், 1998-இல் தோண்டி எடுக்கப்பட்டது. அதில் இறந்த ஐந்து பேரின் கல்லறை அதே ஊரில் இருக்கிறது. பெயரும் எண்ணும் பதிவில் இருந்ததால்தான் அது யாருடைய வண்டி என்று தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது.

இந்தத் தனிப் பெயர்களில் என்னை மிகவும் ஈர்த்தது ‘ஃபேன் டேன்’. மலாயாவின் சீன வணிகர் யூ டோங் சென் ஒரு டேங்குக்கான பணத்தை நன்கொடையாகக் கொடுத்தார். எஃப் பிரிவுக்குப் போனதால் எஃப் எழுத்தில் பெயர். சீனச் சூதாட்டம் ஒன்றின் பெயரை வைத்தார்கள். கூடவே முன்புறத்தில் இரண்டு கண்கள் வரைந்தார்கள், சீனப் படகுகளின் முகப்பில் கண் வரைவது போல. படகுக்கு வழி தெரிய வேண்டும் என்றால் கண் வேண்டும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. நிலக்கப்பல் என்று தொடங்கிய வண்டிக்கு ஒரு கடலோர மனிதர் கண் கொடுத்தார். பிரிட்டனின் அரச டேங்க் படைப்பிரிவு அந்தக் கண்களைப் பின்னாலும் மரபாகக் காத்துவந்தது.

மற்ற மொழிகள் இந்தப் பொய்யை எப்படி ஏற்றன என்பதில் எனக்குத் தனி ஆர்வம். பிரெஞ்சுக்காரர்கள் தாக்குதல் தேர் என்று பொருள்பட ‘ஷார்’ என்றார்கள். ஜெர்மானியர்களுக்குக் கவசம் என்ற பொருளில் ‘பான்சர்’. போலந்தில் ஊர்ந்து போவது என்ற வினையிலிருந்து ‘ச்சோவ்க்’. ரஷ்யர் ‘டேங்க்’ என்றே எடுத்துக்கொண்டார்கள். தங்கள் ஊருக்குப் போவதாகச் சொல்லித்தான் அந்தப் பொய் தொடங்கியது என்பதை நினைத்தால், அந்தச் சொல் கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏரியிலிருந்து ஏரிக்கு

இந்த வழக்கை நான் முதலில் எடுத்தபோது இங்கிலாந்தில் முடியும் என்றுதான் நினைத்தேன். சொல்லின் வேரைத் தேடியபோது அது நம் பக்கம் திரும்பியது.

‘டேங்க்’ ஆங்கிலத்துக்கு வந்தது இந்தியாவிலிருந்து. 17-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரையில் வியாபாரத்துக்கு வந்த ஆங்கிலேயர், குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் டாங்கு, டாங்கே போன்ற சொற்களைக் கேட்டார்கள். அவர்களுக்கு முன்பே வந்திருந்த போர்ச்சுக்கீசியரிடம் குளத்துக்கு ‘டாங்கெ’ என்ற சொல் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன. எது எவ்வளவு என்பதில் சொல்லாய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நம் மொழியில் தடாகம் என்று புழங்கும் வடசொல்லோடு உறவு காண்பவர்களும் உண்டு.

சென்னை மாகாணத்து ஆங்கிலத்தில் டேங்க் என்றால் ஏரி, குளம், கோயில் தெப்பக்குளம். மாடித் தொட்டி எல்லாம் பிறகு வந்தது. மாம்பலத்தில் கிடந்த நீண்ட ஏரியை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். ஏரி போனாலும் நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்ட் ரோடு’ இருக்கிறது, மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது.

அந்தக் கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் டேங்க் என்ற சொல்லைக் காகிதத்தில் ஏற்றிய ஸ்விண்டன் பிறந்த ஊர் பெங்களூரு. 1868-ஆம் ஆண்டு. அல்சூர் ஏரியை ஆங்கிலத்தில் டேங்க் என்றே சொன்ன ஊர். அதனால்தான் அவருக்கு அந்தச் சொல் தோன்றியது என்று சொல்ல ஆதாரமில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நம் பக்கத்து நீர்நிலையின் பெயர், இங்கே பிறந்த ஒரு மனிதர் கைவழியே, பிரான்சின் சேற்றில் இறங்கியது என்பது நடந்த உண்மை.

அது சுற்றி வந்து சேர்ந்த இடம் ஆவடி. விஜயந்தா முதல் அர்ஜுன் வரை அங்கே உருவானது. பக்கத்தில் பருத்திப்பட்டு ஏரி. பழைய ஆங்கிலப் பதிவு எழுதுகிறவர் கையில் கிடைத்தால் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதியிருப்பார். பாட்டி மறுபடி எதிரே வந்தால் நான் சொல்ல நினைப்பது இதுதான்: “தண்ணி டேங்க்னு பொய் சொல்லித்தான் ஆயா அத வெளிய கொண்டாந்தாங்க. அப்புறம் அந்தப் பேரே நின்னுபோச்சு.”

தமிழ் இந்தச் சொல்லை இரண்டு கரையில் இரண்டு விதமாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பத்திரிகை எழுதும்போது சண்டை வண்டி ‘டாங்கி’, மாடியில் இருப்பது ‘டேங்க்’ அல்லது தொட்டி. பிரித்துவிட்டோம். இலங்கைத் தமிழில் தண்ணீர் நிற்பது நீர்த்தாங்கி, போருக்கு வந்தது யுத்த தாங்கி. தாங்குவது என்ற நம் சொந்த வினையே அந்த அயல் ஒலிக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. லிங்கன் பட்டறையில் ஒரே பணி ஆணையில் கலந்துபோன தண்ணீரும் போரும், அங்கே இன்னும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஊர் நடுவே கால் ஊன்றி நிற்கும் நீர்த்தாங்கியையும், தெருவில் சங்கிலி உருளப் போன யுத்த தாங்கியையும் ஒரே தலைமுறை பார்த்திருக்கிறது. எதைச் சொல்கிறார்கள் என்பது முன்னால் வரும் சொல்லைக் கேட்டால்தான் தெரியும்.